பழுது பார்த்த பின்னும் கொதிக்கும் வண்டி

மோட்டார் வண்டிக்கு வரும் நோய்களுள் மிகுந்த மனச்சோர்வைத் தருவது, வைத்தியம் பார்த்த மறுநாள் தலைகாட்டும் நோயே ஆகும். வண்டி சூடேறுகிறது என்று பட்டறைக்குக் கொண்டு போகிறோம். வாட்டர் பம்பு ஒழுகுகிறது என்று கண்டு, புதியதொன்றை மாற்றிக் கொடுக்கிறார்கள். கேட்ட கூலியைக் கொடுத்து ஓட்டி வருகிறோம். மறுநாள் பார்த்தால் வெப்பங்காட்டும் முள் மீண்டும் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுகிறது. முன்பு ஒழுகிய இடத்தில் இப்போது ஒரு சொட்டு ஈரமும் இல்லை, ஆயினும் கொதிக்கிறது! பட்டறைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ, போலிச் சாமானைப் பூட்டிவிட்டாரோ என்று மனம் அலைபாய்கிறது. பெரும்பாலான சமயங்களில் அவர் செய்த வேலையில் குற்றமில்லை. வேலை செய்யும்போது இயந்திரத்தினுள் புகுந்த காற்று வெளியேறாமல் அங்கேயே தங்கிவிட்டிருக்கும்.

சென்னை மாநகரின் வட எல்லையில், மணலி புதுநகரை அடுத்துச் சடையங்குப்பம் என்னும் ஊர் இருக்கிறது. 2011ஆம் ஆண்டில் மாநகராட்சியோடு இணைக்கப்பெற்ற ஊர். கொசஸ்தலை ஆறு பெருகினால் வெள்ளம் சூழ்ந்துகொள்ளும் தாழ்ந்த நிலம். இவ்வூரில் ஒருவர் வாடகைக் கார் வைத்துப் பிழைக்கிறார் என்று கொள்வோம். அவர் எந்தப் பக்கம் போவதானாலும் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் நீண்ட டிரெய்லர் லாரிகளின் வரிசையில் அகப்பட்டுக்கொள்ளவே வேண்டும். மணலிச் சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும், வண்டி நகராமல் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் மிகுதி. இயந்திரத்தின் குளிர்ச்சி ஏற்பாட்டுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை வேறில்லை. வண்டி ஒரு நாள் நின்றால் அவருக்கு ஒரு நாள் வருமானம் போயிற்று. கொதிப்பதைப் பொருட்படுத்தாமல் ஓட்டி இயந்திரத்தின் தலைப்பகுதி வளைந்துவிட்டாலோ, பல மாத வருமானம் போயிற்று. ஆகவே மறுபடியும் பட்டறைக்கு ஓடுவதற்கு முன்பு, வீட்டு வாசலிலேயே அவர் என்னென்ன சோதித்துப் பார்க்கலாம் என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், இந்த ஏற்பாடு செய்யும் வேலை இன்னதென்று தெரிந்துகொள்வது நலம். பெட்ரோல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவோதான் வண்டியை இழுக்கும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. எஞ்சிய பங்கில் பெரும்பகுதியை, சிலிண்டர்களைச் சுற்றி ஓடும் நீர் ஏற்றுக்கொண்டு முன்புறத்திலுள்ள ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்க் காற்றில் விட்டுவிட வேண்டும். அங்கே குளிர்ந்த நீரைப் பம்பு மீண்டும் இயந்திரத்துக்குத் தள்ளுகிறது. வழியில் தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு இருக்கிறது. இயந்திரம் தக்க சூட்டை அடையும் வரை அது மூடியிருக்கும். 80 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல், வண்டிக்கு வண்டி சிறிது மாறுபடும் ஒரு சூட்டில், அதனுள்ளே உள்ள மெழுகு உருகிப் பருத்துக் கதவைத் திறக்கும்.

ரேடியேட்டரின் மூடியையும் சாதாரண மூடி என்று கருதிவிடலாகாது. அது நீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் இன்னொரு மடங்கு உள்ளே சேர்ந்தால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய வெறும் நீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்துப்போனாலும், பட்டறையில் வேறு வண்டியின் மூடியை மாற்றிப் போட்டுவிட்டாலும் இந்தப் பாதுகாப்பு போய்விடும். மற்ற எல்லாம் செம்மையாக இருந்தும் ஒரு மூடியால் கொதித்த வண்டிகள் உண்டு. மிக மலிவான சாமானாகையால் இதை முதலில் ஐயுறுவதில் நட்டமில்லை.

இனி, காற்றின் கதைக்கு வருவோம். எண்ணூரில் 1948ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ், பின்னர் அசோக் லேலண்டு என்று பெயர் மாறுவதற்கு முன், ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. அந்தக் கார்களையோ, பல ஆண்டுகள் நம் சாலைகளை ஆண்ட அம்பாசிடரையோ மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். நிமிர்ந்த முகம், உயரமான ரேடியேட்டர். நீர் ஊற்றும் வாய்தான் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும். குடத்து நீரை ஊற்றினால், உள்ளே இருந்த காற்று தானாகவே மேலெழுந்து அந்த வாய் வழியே வெளியேறிவிடும். ஊற்று, மூடு, ஓட்டு என்பதே அன்றைய முறை. அது அந்த வண்டிகளுக்குப் போதுமானதாகவும் இருந்தது. இன்றைய கார்களின் முன்புறம் தாழ்ந்து சரிந்திருக்கிறது. ரேடியேட்டரும் தாழ்ந்துவிட்டது. இயந்திரத்தின் தலைப்பகுதியும், கண்ணாடிக்குப் பின்னுள்ள ஹீட்டருக்குப் போகும் குழாய்களும் ரேடியேட்டரைவிட உயரத்தில் நிற்கின்றன. நீரை ஊற்றும்போது காற்று மேலே ஓடி, இந்த உயரமான மூலைகளில் ஒளிந்துகொள்கிறது. ரேடியேட்டர் வாய்வரை நிரம்பித் தெரியும். உள்ளேயோ ஒரு லிட்டர் அளவுக்குக்கூட வெற்றிடமாகக் காற்று நிற்கலாம். பழைய வண்டிகளில் கைபழகிய மெக்கானிக் பழைய பழக்கத்தால் மூடியைத் திருகிக் கொடுத்துவிடுகிறார். பம்பை மாற்றியதில் யாதொரு குறையும் இல்லை, நிரப்பியதில்தான் குறை.

அக்காற்றினால் மூன்று தீங்குகள் நேருகின்றன. காற்று நின்ற இடத்தில் உலோகத்தை நீர் தொடுவதில்லை; அந்த இடம் மட்டும் பழுக்கக் காய்கிறது. சுற்றியுள்ள நீர் அங்கே ஆவியாகி, காற்றுப் பொதியை இன்னும் பெரிதாக்குகிறது. பொதி நகர்ந்து பம்புக்குள் போய்விட்டால், நீரைத் தள்ளப் படைக்கப்பட்ட சக்கரம் காற்றைக் கடைந்துகொண்டிருக்கும், ஓட்டம் நின்றுவிடும். மூன்றாவது தீங்கே மிகவும் வஞ்சகமானது. நீரின் சூட்டை உணர்ந்து சொல்லும் கருவி காற்றில் நிற்க நேர்ந்தால், இயந்திரம் எரிந்துகொண்டிருக்கும்போது அது ‘குளிர்ச்சியாக இருக்கிறேன்’ என்று சொல்லும். இன்றைய கார்களில் மின்விசிறியைச் சுழலச் சொல்வதும் அக்கருவியின் சொல்லைக் கேட்டே ஆகையால், விசிறியும் சுழலாது. விசிறி கெட்டுவிட்டது என்று எண்ணிப் பணத்தைக் கொட்டிப் புது விசிறி வாங்கியவர்கள் பலர்.

காற்றுக்கு அடையாளம், முள்ளின் சபலம். ஏறும், திடீரென இறங்கும், மீண்டும் ஏறும். ஹீட்டரைத் திறந்தால் சூடான காற்று வருவதும் நிற்பதுமாக இருக்கும். கண்ணாடிக்குப் பின்புறம் சலசலவென நீரோடும் ஓசை கேட்டாலும் ஐயமில்லை. முள்ளே இல்லாமல் ஒரு சிவப்பு விளக்கை மட்டும் வைத்திருக்கும் வண்டிகள் இப்போது பல. அவற்றை உடையோர் மற்ற அடையாளங்களைக் கொண்டே தெளிய வேண்டும்.

காற்றை வெளியேற்றும் முறை கடினமன்று, பொறுமை வேண்டும். இரவெல்லாம் நின்று முற்றிலும் ஆறிய வண்டியை, விடியற்காலையில், முன்சக்கரங்கள் சற்று மேட்டில் நிற்குமாறு நிறுத்துக. சடையங்குப்பம் போன்ற சமநிலத்தில் மேட்டுக்கு எங்கே போவது என்றால், சாலையோரத்து மண்சரிவு ஒன்று போதும். நீர் ஊற்றும் வாய் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்பதே நோக்கம். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, கைப் பிரேக்கையும் இழுத்துவிட வேண்டும். உள்ளே ஹீட்டரின் குமிழை முழுச் சூட்டில் திருப்பி வைக்கவும். நம் ஊரில் ஹீட்டரை யார் தொடுகிறார்கள்? வண்டி வாங்கிய நாள் முதல் தொடாதிருக்கலாம். ஆனால் பல வண்டிகளில் அதன் குழாய்கள் திறந்தால்தான் அங்கே ஒளிந்த காற்று வெளியே வரும். பிறகு மூடியைத் திறந்து, கூலன்டை மெல்ல மெல்ல ஊற்ற வேண்டும். அவசரமாக ஊற்றினால் நீரோடு காற்றும் கலந்து இறங்கும். தெர்மோஸ்டாட் அருகிலோ ஹீட்டர்க் குழாயிலோ காற்றுத் திருகு வைத்திருக்கும் வண்டிகளும் உண்டு. அதைத் தளர்த்தி, குமிழியில்லாத நீர் தொடர்ந்து வரும் வரை விட்டு மூடுக.

மூடி திறந்தபடியே இயந்திரத்தை ஓடவிட்டு, ரேடியேட்டரின் மேல்குழாயையும் கீழ்க்குழாயையும் அவ்வப்போது கையால் அமுக்கிக் கொடுக்கவும். சுழலும் பெல்ட்டுக்கும், திடீரென்று சுழலத் தொடங்கும் விசிறிக்கும் கையும் துணியும் எட்டாதிருக்க வேண்டும். குமிழிகள் வந்து நீர்மட்டம் தாழும். தாழத் தாழ நிரப்புக. சில நிமிடங்கள் சென்றபின், அதுவரை குளிர்ந்திருந்த குழாய் சட்டென்று சூடாவதைக் கை உணரும். தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. மட்டம் பெரும்பாலும் அப்போது இன்னொரு முறை தாழும். நிரப்பி, நீர் பொங்கி வரத் தொடங்குமுன் மூடியைத் திருகி, விசிறி ஒருமுறை சுழன்று நிற்கும் வரை ஓடவிட்டு அணைத்துவிடலாம். நன்றாக ஆறிய பிறகு மறுபடியும் மட்டம் பார்க்க வேண்டும். அடுத்த இரண்டு மூன்று காலைகளிலும் பார்ப்பது முறை. சிறிது சிறிதாகத் தாழ்ந்து பின் ஒரு மட்டத்தில் நிலைத்துவிட்டால், காற்று போய்விட்டது. நாள்தோறும் தாழ்ந்துகொண்டே போனால் நீர் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. அதைத் தேட வேண்டும்.

காற்று போன பின்னும் சூடேறுமானால், எப்போது சூடேறுகிறது என்று நோக்குவதே சரியான வழி. ஒரு சாமானைக் கழற்றுமுன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டால் பாதி நோய் வெளிப்பட்டுவிடும். லாரி வரிசையில் நிற்கும்போது ஏறி, சாலை விட்டு ஓடத் தொடங்கியதும் இறங்கினால், நீரோட்டத்தில் குறையில்லை, காற்றோட்டத்திலேதான் குறை. விசிறி சுழலவில்லை, அல்லது மெதுவாகச் சுழல்கிறது. குளிர்சாதனத்தைப் போட்டவுடன் விசிறி சுழல்வது பெரும்பாலான கார்களின் இயல்பு. அப்போதும் சுழலாவிட்டால், பழுது பார்த்தபோது கழற்றிய மின் இணைப்பைத் திரும்பப் பூட்ட மறந்திருக்கலாம். விசிறியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு பட்டறையின் மூலையிலேயே கிடக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். ‘அது வெறும் மறைப்புத்தானே’ என்பார்கள். அக்கூடு இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டரின் வழியே காற்றை இழுக்காமல், பக்கத்திலுள்ள சுடுகாற்றையே சுற்றிச் சுற்றிக் கலக்கிக்கொண்டிருக்கும்.

இன்னொரு விந்தையும் உண்டு. கம்பிகளை வெட்டி ஒட்டும்போது மாற்றி ஒட்டிவிட்டால், விசிறி எதிர்த்திசையில் சுழலும். பார்ப்பவர் கண்ணுக்கு நன்றாகவே சுழல்கிறது. ஆனால் வண்டி முன்னேறும்போது வரும் காற்றை அது எதிர்த்து ஊதுகிறது. இதை அறிய ஒரு துண்டுக் காகிதம் போதும். விசிறி சுழலும்போது வண்டிக்கு முன்னே, ரேடியேட்டரின் முகத்தருகே காகிதத்தைக் காட்டினால் அது உள்ளிழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து வந்தால் விசிறி மாறிச் சுழல்கிறது.

நிற்கையில் அமைதியாக இருந்து, வேகமாக ஓடும்போது சூடேறுமானால் நோய் நீரோட்டத்தில் இருக்கிறது. ரேடியேட்டரின் உட்குழல்கள் அடைத்திருக்கலாம். கீழ்க்குழாய் மென்மையாகிப் போயிருந்தால், பம்பு வேகமாக உறிஞ்சும்போது அது ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். நிற்கும்போது மறுபடி உருண்டு நன்றாகத் தோன்றும். பெல்ட்டைப் புதிதாகப் பூட்டியபோது ஓட்டும் வழியை மாற்றிவிட்டால், பம்பே தலைகீழாகச் சுழலவும் இடமுண்டு.

தெர்மோஸ்டாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வடசென்னையில் மட்டுமன்று, தமிழ்நாடு முழுவதிலும் பல பட்டறைகளில், சூடேறும் வண்டி வந்தால் முதல் வைத்தியமாகத் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். ‘இங்கே என்ன பனியா பெய்கிறது? குளிர் நாட்டுக்காரனுக்கு வேண்டியது நமக்கு எதற்கு?’ என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியே வெயில் 40 டிகிரியானாலும், இயந்திரத்துக்கு வேண்டிய 90 டிகிரிக்கு அது குளிரேயாகும். திறந்த சாலையில் ஓடும்போது அந்த வண்டி தக்க சூட்டை அடையவே மாட்டாது. எண்ணெயில் சேரும் ஈரம் ஆவியாகாமல் சேறாகப் படியும், தேய்மானம் மிகும். இயந்திரம் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று கணினி எண்ணிக்கொண்டு பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். இவையெல்லாம் ஒருபுறமிருக்க, பல இயந்திரங்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டாவது தட்டு ஒன்று உண்டு. முன்கதவு திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றிவரும் குறுக்குவழியை அந்தத் தட்டு அடைக்கும். பிடுங்கி எறிந்துவிட்டால் குறுக்குவழி என்றும் திறந்தே கிடக்கும். சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டரையே காணாமல் இயந்திரத்துக்குத் திரும்பும். சூட்டைக் குறைக்கச் செய்த வைத்தியமே லாரி வரிசையில் சூட்டைக் கூட்டுகிறது!

தெர்மோஸ்டாட் நல்லதா கெட்டதா என்பதைச் சமையலறையிலேயே அறியலாம். ஒரு பாத்திரத்தில் நீர் வைத்து, நூலில் கட்டி அதைப் பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தொங்கவிட்டுச் சூடாக்கினால், அதன் மேல் பொறித்துள்ள சூட்டை நெருங்கும்போது வாய் திறக்கும். இறக்கி ஆறவிட்டால் மூடிக்கொள்ளும். திரும்பப் பூட்டும்போது மெழுகு நிரம்பிய குமிழ்ப்பக்கம் இயந்திரத்தின் சுடுநீரை நோக்கியிருக்க வேண்டும். மாற்றிப் பூட்டினால், ரேடியேட்டரின் குளிர்ந்த நீரைப் பார்த்துக்கொண்டு அது திறக்கவே திறக்காது. சிலவற்றில் சிறு ஊசி ஆடும் துளையொன்று இருக்கும். அது காற்று போகும் வழியாகையால், நேராக நிற்கும்படி பூட்டும்போது மேற்பக்கமாக வைப்பார்கள்.

எல்லாரும் அஞ்சுவது ஹெட் காஸ்கெட்டுக்கே. அஞ்ச வேண்டியதுதான். முதல்முறை கொதித்தபோதே அது எரிந்திருந்தால், பம்பை மாற்றியும் பயனில்லை. அலுமினியத் தலைப்பகுதி இரும்பைவிட ஏறக்குறைய இருமடங்கு விரிவது. அளவுக்கு மேல் காய்ந்தால் வளைந்து, இடையிலுள்ள காஸ்கெட் வழியே எரிவாயு நீருக்குள் புகும். தங்கிய காற்றுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நன்கு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். தங்கிய காற்றின் குமிழிகள் சிறிது நேரம் வந்து ஓய்ந்துவிடும். காஸ்கெட்டின் குமிழிகள் ஓய்வதில்லை. எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் வந்துகொண்டே இருக்கும். காலையில் குளிர்ந்த வண்டியைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்துக்குள்ளேயே மேல்குழாய் கல்லைப்போல் இறுகினாலும், வெளியே ஒழுகாமல் நீர் குறைந்தாலும், எண்ணெய் பால் கலந்த காப்பி நிறம் கொண்டாலும், புகைக்குழாயில் ஓயாத வெண்புகையும் ஒருவகை இனிய வாடையும் வந்தாலும் இனி வாசலில் வைத்தியம் பார்க்க வேண்டா. ஓட்டவும் வேண்டா. இழுத்துச் செல்வதற்கு ஆகும் செலவு, ஓட்டிச் செல்வதால் வரும் செலவைவிட மிகக் குறைவு.

வரிசையின் நடுவே முள் ஏறத் தொடங்கிவிட்டால் செய்யத்தக்கது யாது? குளிர்சாதனத்தை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து அதன் விசிறியையும் முடுக்குக. மே மாத வெயிலில் அது தண்டனைதான். ஆனால் அச்சிறு ஹீட்டர் இன்னொரு ரேடியேட்டராக நின்று இயந்திரத்தைக் காக்கும். முள் இறங்காவிட்டால் ஓரமாக ஒதுங்கி அணைத்துவிட வேண்டும். மூடியை மட்டும் தொடக்கூடாது. உள்ளே அழுத்தத்தால் அடங்கியிருக்கும் 100 டிகிரிக்கு மேற்பட்ட நீர், மூடி தளர்ந்த கணத்திலேயே ஆவியாகிச் சீறும். துணியைப் போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று நம்பி முகமும் கையும் வெந்துபோனவர்கள் நெடுஞ்சாலைகளில் எத்தனையோ பேர். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் அதற்கு மேலும், குழாயை அமுக்கினால் மெத்தென்று இருக்கும் வரை காத்திருங்கள். காய்ந்த இயந்திரத்தில் குளிர்ந்த நீரைக் கொட்டுவதும் தவறு. பழுக்கக் காய்ந்த தோசைக்கல்லில் நீர் தெளித்தால் எழும் சீற்றத்தை எண்ணிப் பார்த்தால், உள்ளே இருக்கும் உலோகத்தின் கதி விளங்கும். விரிசல் விடக்கூடும்.

நீரைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரையை ஒட்டிய இந்தப் பகுதியில் அது தனியே சொல்ல வேண்டிய செய்தி. தொழிற்சாலைகளுக்காகவும் நகரத்துக்காகவும் ஆழ்கிணறுகளிலிருந்து அளவின்றி நீர் இறைத்ததால், மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிவருவது 1969ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பெற்றது. சடையங்குப்பமும் கழிமுகத்துக்கு அருகேயுள்ள ஊர். இப்பக்கத்துக் கைப்பம்பு நீரை வாயில் வைத்தாலே உப்புத் தெரியும். வாயில் வைக்க முடியாத நீரை வண்டியில் மட்டும் ஊற்றிவிடுகிறோம். அந்த உப்பு அலுமினியத்தைத் துளைத்துத் துளைத்து அரிக்கிறது. சுண்ணாம்புச் சத்து சூடான சுவர்களில் படிந்து, வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் கட்டும் வெள்ளைக் காறையைப் போல் இறுகுகிறது. உலோகத்துக்கும் நீருக்கும் நடுவே போர்த்திய போர்வை அது. இன்று ஊற்றிய கிணற்று நீரின் பலன் ஓராண்டு கழித்து, பம்பின் ஒழுக்காகவோ ரேடியேட்டரின் அடைப்பாகவோ வெளிப்படும்போது, காரணம் ஒருவருக்கும் நினைவிராது.

பேட்டரிக் கடைகளில் விற்கும் காய்ச்சி வடித்த நீரையே வாங்கி, வண்டியின் கையேடு சொல்லும் வகைக் கூலன்டைச் சொல்லிய அளவில் கலந்து ஊற்றுவது முறை. ஏற்கெனவே கலந்து விற்பதை வாங்கினால் அதில் மேலும் நீர் சேர்க்கலாகாது. பச்சையும் சிவப்புமாகக் கிடைக்கும் கூலன்ட் வகைகளை நிறம் பார்த்துக் கலக்கக் கூடாது. ஒன்றோடொன்று சேராத வகைகள் உண்டு. கூலன்ட் நம்மவர் சிலர் நினைப்பதுபோலப் பனிநாட்டுக்கு மட்டும் உரிய சரக்கன்று. உறையாமல் காப்பதோடு, கொதிநிலையை உயர்த்துவதும் துருவையும் அரிப்பையும் தடுப்பதும் அதன் வேலைகள். இனிக்கும் நஞ்சாகையால், குழந்தைகளும் நாயும் எட்டாத இடத்தில் வைப்பதும், வடித்துவிட்டதை வாசலில் ஓடவிடாமல் இருப்பதும் அவசியம். வழியில் நிரப்ப நேரும் நாளுக்காக இரண்டு லிட்டர் வடித்த நீரை வண்டியின் பின்பெட்டியில் வைத்திருந்தால், மணலிச் சாலையின் ஓரத்துக் கைப்பம்பை நாட வேண்டிய தேவையிராது.